பந்துக்குக் கண் கிடையாது

1

'கியூ' என்றால் பிரெஞ்சு மொழியில் வால். பில்லியர்ட்ஸ் ஆடும் கம்புக்கு எதற்கு வால் என்று பெயர்? அந்தப் பெயருக்குள் இந்த ஆட்டத்தின் பாதிக் கதை இருக்கிறது.

முதலில் இது புல்தரையில் ஆடிய ஆட்டம். குரோக்கே மாதிரி, வளைவுக்குள் பந்தைத் தள்ளும் வகை. பதினைந்தாம் நூற்றாண்டில் பிரான்சில் அதை வீட்டுக்குள் கொண்டுவந்து மேசைமேல் ஏற்றினார்கள். 1470இல் பதினோராம் லூயி மன்னனுக்கு ஒரு மேசை வாங்கிய பதிவு இருக்கிறது. மேசைமேல் பச்சைத் துணி விரித்தது பழைய புல்தரையின் ஞாபகம் என்பார்கள். அப்போது கையில் இருந்தது இன்றைய கூர்மையான கம்பு அல்ல, 'மேஸ்'. நீண்ட பிடி, நுனியில் சப்பையான மரத்தலை. தலையைப் பந்துக்குப் பின்னால் வைத்து நின்றபடியே தள்ளிவிட வேண்டும். வீடு பெருக்குகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பந்து மேசையின் விளிம்புச் சுவரை ஒட்டி நின்றுவிட்டால்தான் சிக்கல். மேஸின் தலை அங்கே நுழையாது. ஆட்டக்காரர்கள் கம்பைத் திருப்பிப் பிடித்து, மெல்லிய பின்பக்கத்தால், அதாவது வாலால், பந்தை இடிக்க ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் புரிந்துபோனது, விளிம்பில் மட்டுமில்லை, எல்லா இடத்திலும் வாலே மேல். தலை காணாமல் போய், வால் மட்டும் தனிக் கருவியாக நின்றது.

கேரம் ஆடியவர்களுக்கு இந்த இடம் உடனே பிடிபடும். ஸ்ட்ரைக்கரை விரலோடு ஒட்டவைத்துத் தள்ளினால் பக்கத்தில் இருப்பவன் "டேய், தள்ளாத, அடி" என்பான். தள்ளும்போது கை கடைசிவரை பொருளோடு போகிறது. அடிக்கும்போது ஒரு கணத்தில் விட்டுவிட வேண்டும். விட்ட பிறகு நம் கையில் எதுவும் இல்லை. லாவகம் என்ற பேச்சுக்கு மேசையில் இடம் வந்ததே மேஸ் போய் கியூ வந்த பிறகுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்றைக்கும் கியூவால் தள்ளினால் அது ஃபவுல்.

நான் ஆட்டக்காரன் இல்லை. மென்பொருள் எழுதுகிறவன். எங்கள் அலுவலகத்தில் பிங் பாங் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பூல் மேசை கிடக்கிறது. சாயங்காலம் பில்டு ஓடிக்கொண்டிருக்கும்போது நாலைந்து பேர் அங்கே கூடுவோம். அங்கே அடிக்கடி கேட்கும் ஒரு வசனம்: "ஸ்டைல் எல்லாம் சூப்பர் மச்சி, பந்துதான் விழ மாட்டேங்குது." எதிர்ப்பக்கமும் உண்டு. பார்க்கக் கோணல்மாணலாக நிற்பான், கையை எங்கோ வீசுவான், பந்து வரிசையாக விழும். இந்த இரண்டு பேரில் யாருடைய அடி அழகானது? வேடிக்கையாகக் கேட்டுக்கொண்ட இந்தக் கேள்விதான் என்னைப் பழைய கதைகளுக்குள் கொண்டுபோய் விட்டது.

2

கியூ வந்துவிட்டாலும் அதன் நுனி வெறும் மரமாகத்தான் இருந்தது. நடுவை விட்டுக் கொஞ்சம் விலகித் தொட்டாலும் சறுக்கிவிடும். ஆகவே பந்தின் நடுவில் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இதை மாற்றியவர் பிரான்சுவா மேங்கோ, பிரெஞ்சுக் காலாட்படை அதிகாரி. அரசியல் காரணத்துக்காகப் பாரிஸில் சிறை வைக்கப்பட்டிருந்தபோது பில்லியர்ட்ஸ் ஆட அனுமதி கிடைத்தது, அங்கேதான் கியூ நுனியில் தோல் வில்லையை ஒட்டிப் பார்த்தார் என்பது கதை. தண்டனைக் காலம் முடிந்தபோது இன்னும் கொஞ்சநாள் இருந்துகொள்கிறேன் என்று கேட்டாராம். இதை நான் நம்பவில்லை, ஆனால் சொன்னவரின் ரசனை பிடித்திருக்கிறது. உறுதியான விஷயம், 1807 வாக்கில் அவருடைய தோல் நுனி தயாராகிவிட்டது. 1827இல் தன் அடிகளைப் படங்களோடு ஒரு புத்தகமாகவும் வெளியிட்டார்.

இங்கிலாந்தில் பாத் நகரத்தில் ஜாக் கார் என்றொருவர். கியூ நுனியில் ஒரு பொடியைத் தடவிப் பந்தைச் சுழலவைத்துக் காட்டினார். 'திருகுப் பொடி' என்று அதைச் சின்னப் பெட்டிகளில் நல்ல விலைக்கு விற்றார். பெட்டிக்குள் இருந்தது சாதாரணச் சாக்பீஸ் தூள். நம்மூர்த் திருவிழாவில் மூலிகை விற்பவர் கெட்டார் போங்கள்.

ஆனால் தோலும் தூளும் சேர்ந்ததும் ஆட்டமே வேறாகிவிட்டது. நுனி இப்போது பந்தைப் பற்றுகிறது. மேலே தொட்டால் பந்து மோதிய பிறகும் முன்னால் ஓடும். கீழே தொட்டால் பின்னால் வரும். பக்கத்தில் தொட்டால் குஷனில் பட்டு வேறு கோணத்தில் திரும்பும். எவ்வளவு வேகம், எந்தப் பக்கம், எவ்வளவு சுழற்சி என்று மூன்றையும் ஒரே தொடுதலில் சொல்லியாக வேண்டும்.

அந்தத் தொடுதலைக் கணக்காக எழுதியவரும் பாரிஸ்காரர்தான். புயல் ஏன் சுழல்கிறது என்று பள்ளியில் படிக்கும்போது கொரியாலிஸ் விசை என்று ஒன்று வருமே, அந்த கஸ்பார்-குஸ்தாவ் கொரியாலிஸ். 1835இல் பில்லியர்ட்ஸ் விளைவுகளின் கணிதக் கோட்பாடு என்றே ஒரு நூல் எழுதினார். பொறியியல் படித்தவன் என்ற முறையில் அதில் இரண்டு முடிவுகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒன்று, பந்தின் நடுவில் அடித்தால் அது முதலில் உருளாது, சறுக்கும். துணியின் உராய்வு மெல்ல அதை உருள வைக்கும். உருண்டு முடியும்போது ஆரம்ப வேகத்தில் ஏழில் ஐந்து பங்குதான் மிச்சம். இன்னொன்று, துணியிலிருந்து பந்தின் ஆரத்தைப் போல ஏழில் ஐந்து மடங்கு அல்ல, ஐந்தில் ஏழு மடங்கு உயரத்தில் தொட்டால், சறுக்கலே இல்லாமல் முதல் கணத்திலிருந்தே உருளும்.

நாம் பார்த்து மயங்கும் 'வழுக்கிக்கொண்டு போகிற' பந்துக்கு இப்படி ஒரு பின்னம் இருக்கிறது என்பது எனக்கு ஏமாற்றமாக இல்லை. மயக்கம் இன்னும் கூடத்தான் செய்கிறது.

3

இப்போது ஒரு சின்னக் கணக்கு. தோல் நுனிக்கும் பந்துக்கும் இடையே தொடர்பு நீடிப்பது ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி. ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பூல் பந்தின் எடை சுமார் 170 கிராம். அது விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு மில்லி விநாடியில் அதன்மேல் விழும் சராசரி விசை 500 நியூட்டனைத் தொடுகிறது. ஐம்பது கிலோ மூட்டையின் எடை. நம் முன்கையோ அந்தத் தருணத்தில் கியூவைத் தள்ளுவது அதில் ஒரு சின்னப் பங்குதான். அந்த மில்லி விநாடியில் பந்தை அடிப்பது கை இல்லை. அதற்கு முன்பே ஓட்டம் பெற்றுவிட்ட அரைக்கிலோ சொச்சம் கொண்ட கம்பு அடிக்கிறது. கை அந்தக் கம்பை ஓட விட்டிருக்கிறதா, இல்லை இடையில் பிடித்து இழுத்துக் குழப்பியிருக்கிறதா என்பதுதான் விஷயம்.

இன்னொன்றும் உண்டு. கண்ணோ தோலோ எதையாவது உணர்ந்து கை அதற்கேற்ப அசைய 150 முதல் 200 மில்லி விநாடி ஆகும். நுனி பட்டது என்று மூளைக்குத் தெரிந்து கை ஏதாவது செய்வதற்குள் பந்து அரை மீட்டர் போய்விட்டிருக்கும். அப்புறம் நாம் செய்யும் எந்தத் திருத்தமும் அதைச் சேராது.

அப்படியானால் பயிற்சியாளர்கள் எல்லாரும் 'ஃபாலோ த்ரூ, ஃபாலோ த்ரூ' என்று கத்துவது ஏன்? அடித்த பிறகு கியூ முன்னால் நேராகப் போவதால் பந்துக்கு ஒரு லாபமும் இல்லையே?

எங்கள் தொழிலில் ஒரு உவமை இருக்கிறது. நிரல் ஓடி முடிந்த பிறகு லாக் ஃபைலைப் பார்ப்போம். லாக்கை மாற்றினால் நிரல் சரியாகாது. நிரல் சரியாக ஓடியிருந்தால் லாக் அதைச் சொல்லும். ஃபாலோ த்ரூ அந்த லாக். கியூ நேராக, தடையில்லாமல், தன் வேகத்திலேயே பந்தைக் கடந்து போயிருக்கிறது என்றால், பட்ட அந்த மில்லி விநாடியிலும் அது அப்படித்தான் இருந்தது என்று அர்த்தம். பயத்தில் கையை இறுக்கினவனின் கியூ பந்தைத் தொட்டதும் பிரேக் போட்டு நிற்கும். அவன் பட்ட பிறகு நிறுத்தவில்லை. படுவதற்கு முன்பே நிறுத்த ஆரம்பித்துவிட்டான்.

வெளியிலிருந்து 'அலட்டிக்காம அடிக்கிறான்' என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். தேவையில்லாத தசைகள் எதுவும் உள்ளே புகுந்து கம்பின் ஓட்டத்தில் கைவைக்கவில்லை. அவன் குறைவான சக்தியைச் செலவழிக்கிறான் என்பதுகூட இரண்டாம்பட்சம். சக்தி வேறெங்கும் சிந்தவில்லை, அவ்வளவுதான்.

ஆக, பந்துக்குத் தெரிவது இந்த நாலு விஷயம்: நுனி எங்கே பட்டது, எந்தத் திசையில், எந்த வேகத்தில், கம்பு எவ்வளவு கனம். ஆட்டக்காரர் எப்படி நின்றார், எந்தக் கண்ணால் பார்த்தார், எந்தக் கையால் பிடித்தார் என்பதெல்லாம் பந்துக்குத் தெரியாது. பந்துக்குக் கண் கிடையாது.

கண் இருக்கிற நாம்தான் மற்றதையெல்லாம் பார்க்கிறோம். பார்த்து, இது சரி, இது தப்பு என்று சொல்லவும் செய்கிறோம். வரலாற்றில் பிரச்சினை ஆரம்பிப்பது அங்கேதான்.

4

ஸ்னூக்கர் பிறந்த கதை நம் பக்கத்து மலையோடு சம்பந்தப்பட்டது. 1875இல் ஜபல்பூரில் முகாமிட்டிருந்த ஆங்கிலேய அதிகாரிகள் மழைக்காலப் பொழுதைப் போக்கப் பில்லியர்ட்ஸ் மேசையில் வண்ணப் பந்துகளைக் கூட்டிக்கொண்டே போய்ப் புதிதாக ஒன்றை ஆடிப் பார்த்தார்கள். அவர்களில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி (பின்னால் பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லின் வேறு ஆள்). வூல்விச் ராணுவக் கல்லூரியில் முதலாண்டு மாணவனைக் கேலியாக 'ஸ்னூக்கர்' என்பார்கள் என்று ஒருவர் சொல்லக் கேட்டிருந்தார். ஆட்டத்தில் ஒருவர் எளிதான பந்தைத் தவறவிட்டதும் "சரியான ஸ்னூக்கர்டா நீ" என்கிற தொனியில் கூப்பிட்டார். அவர் முகம் வாடாமலிருக்க, இந்த ஆட்டத்துக்கு நாம் எல்லாருமே ஸ்னூக்கர்தானே என்று சமாதானம் சொன்னார். பெயர் ஒட்டிக்கொண்டது.

பிறகு சேம்பர்லின் ஊட்டிக்கு வந்தார். அங்கே ஊட்டி கிளப்பில் ஸ்னூக்கர் பிரபலமாகி, 1882இல் விதிகள் எழுதப்பட்டு பில்லியர்ட்ஸ் அறைச் சுவரில் மாட்டப்பட்டன. அந்த அறையும் கிளப்பும் இன்றும் இருக்கின்றன.

இதில் எனக்குப் பிடித்தது பெயர்தான். உலகத்தில் மிக நேர்த்தியானது என்று பேர் வாங்கிய ஆட்டம், தடுமாறுகிற புதுப் பையனின் பட்டப்பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறது. கோட்டும் வெயிஸ்ட் கோட்டும் போ டையும் பிற்பாடு வந்தவை. அடியில் இருப்பது "இவனுக்குக் கை வரல" என்ற கிண்டல்.

அந்த கிளப் அறைகளில் ஆடியவர்கள் வெள்ளைக்காரர்கள். பந்தை எடுத்து வைத்து, புள்ளி சொல்லி, கியூவுக்குச் சாக் எடுத்துக் கொடுத்தவர்கள் நம்மவர்கள். ஆனாலும் எந்தத் தனிநபர் விளையாட்டானாலும் சரி, இந்தியாவுக்கு முதல் உலகப் பட்டத்தைத் தந்தது பில்லியர்ட்ஸ்தான். புனேயில் பிறந்த வில்சன் ஜோன்ஸ் 1958இல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். 1964இல் மறுபடியும் வென்றார். பிறகு மைக்கேல் ஃபெரேரா, கீத் சேத்தி, பங்கஜ் அத்வானி என்று அந்த வரிசை நீள்கிறது. கிரிக்கெட் பைத்தியம் பிடித்த நாட்டில் இந்தப் பெயர்களைக் கேட்டால் "யாருங்க அது?" என்பார்கள். அது வேறு சோகக்கதை.

5

'சரியான முறை' என்று ஒன்று ஸ்னூக்கரில் உண்டு. குனிந்து, தாடை கியூவைத் தொட, தோளும் முட்டியும் மணிக்கட்டும் ஒரே கோட்டில் நிற்க, முழங்கைக்குக் கீழே மட்டும் ஊசல் போல ஆட வேண்டும். இந்த முறையைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் இங்கிலாந்தின் ஜோ டேவிஸ். 1927 முதல் 1946 வரை பதினைந்து உலக ஸ்னூக்கர் பட்டங்கள், அந்தப் போட்டியில் ஒருமுறைகூடத் தோற்காதவர். அவருடைய பாடப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு தந்தை உண்டு. அந்தப் பையன் 1980களை ஆண்ட ஸ்டீவ் டேவிஸ் (சொந்தம் இல்லை, பெயர்ப் பொருத்தம்தான்).

ஆனால் ஜோ டேவிஸுக்கு வலது கண் பார்வை மோசம். இடது கண்ணால் மட்டுமே குறிபார்த்தார். கியூ அவருடைய இடது கண்ணுக்குக் கீழே ஓடியது. உலகத்துக்கே இலக்கணம் எழுதியவரின் சொந்த அடி, ஒரு குறையைச் சுற்றிக் கட்டியது.

அவருக்கு நேர் எதிரே இருந்தவர் ஆஸ்திரேலியாவின் வால்டர் லிண்ட்ரம். சிறுபிள்ளையில் விபத்தில் வலது ஆள்காட்டி விரலின் நுனியை இழந்தவர். அப்பா அவருக்கு இடது கையால் ஆடக் கற்றுக்கொடுத்தார். 1932 ஜனவரி 19, 20 தேதிகளில் லண்டன் தர்ஸ்டன் அரங்கில் லிண்ட்ரம் ஒரே பிரேக்கில் 4,137 புள்ளிகள் எடுத்தார். 2 மணி 55 நிமிடம். நிமிடத்துக்கு இருபத்து மூன்று புள்ளிக்கு மேல். எதிராளியாக நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், வேறு யார், ஜோ டேவிஸ்.

லிண்ட்ரம் அதைச் செய்த விதம்தான் முக்கியம். மூன்று பந்துகளையும் குஷன் ஓரமாகக் கூட்டிவைத்து, மிகச் சின்னத் தொடுதல்களால் ஒன்றோடொன்று மோதவைத்து, ஊர்வலம் போல நகர்த்திக்கொண்டே போனார். இதற்கு 'நர்சரி கேனன்' என்று பெயர், குழந்தையைத் தட்டிக்கொடுப்பது மாதிரி. பந்துகள் பெரும்பாலும் விரற்கடை தூரத்துக்கு மேல் அசையவில்லை. பார்வையாளர்களுக்குச் சலிப்பு தட்டும் அளவுக்கு அது குறையற்று இருந்தது. கடைசியில் விதியை மாற்றினார்கள்: இத்தனை புள்ளிக்கு ஒருமுறை பந்து மேசையின் கோட்டைத் தாண்டித் திரும்பியாக வேண்டும். ஒருவரின் லாவகத்துக்காக ஆட்டம் தன் சட்டத்தைத் திருத்திக்கொண்டது.

அமெரிக்காவில் வில்லி ஹோப்பி. 1887இல் பிறந்தவர். ஹட்சன் ஆற்றங்கரையில் அப்பாவுக்கு ஒரு சின்ன ஹோட்டல், அதில் பில்லியர்ட்ஸ் மேசை. பையனுக்கு மேசை எட்டவில்லை. பெட்டி மேல் ஏறி நின்று ஆடினான். எட்டி எட்டி ஆடியதில் கை பக்கவாட்டில் விலகி வீசப் பழகிவிட்டது. வளர்ந்த பிறகும் அந்த வீச்சு போகவில்லை. எந்தப் பாடப் புத்தகப்படி பார்த்தாலும் அது பிசகு. அந்தப் பிசகான கையோடு 1906 ஜனவரியில், பதினெட்டு வயதில், பாரிஸுக்குப் போய் பிரெஞ்சுக்காரர்களின் பெரும்புள்ளி மொரிஸ் விஞோவைத் தோற்கடித்து உலகப் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். 1952 வரை வென்றுகொண்டே இருந்தார்.

சுமார் அறுபது ஆண்டு கழித்து, பூமியின் மறுபக்கத்தில், இன்னொரு பையன் இன்னொரு பெட்டி மேல் நின்றான். பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரேயஸ். 1954இல் பிறந்தவர். ஐந்து வயதில் மணிலாவில் மாமாவின் பூல் கூடத்துக்கு அனுப்பப்பட்டார். கூடத்தில் எடுபிடி வேலை. எட்டாத மேசைக்கு கோக்கோகோலா பெட்டிகளை அடுக்கி ஏறி நிற்பார். ராத்திரி மேசை மேலேயே தூங்குவார். கியூவின் கடைசியைத் தளரப் பிடித்து, கையை ஊஞ்சல் போல நீளமாக ஆட்டி, இப்ப அடிப்பாரா மாட்டாரா என்று தெரியாத மாதிரி அடிக்கும் அந்தப் பாணி அங்கே உருவானது. 1985இல் வேறொரு பெயரில் அமெரிக்காவுக்குப் போய் பணப்பந்தயங்களில் அங்கிருந்தவர்களைத் துடைத்தெடுத்தார். 1999இல் கார்டிஃபில் உலக நைன்பால் பட்டம். 'மந்திரவாதி' என்பது அவருக்குப் பட்டப்பெயர்.

மங்கிய கண், வெட்டுண்ட விரல், எட்டாத மேசை, மறுபடியும் எட்டாத மேசை. இதைப் பார்த்துவிட்டு 'குறையே நிறை' என்று வாட்ஸப் ஃபார்வர்டு எழுத எனக்கு விருப்பமில்லை. குறை யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. அது ஒரு கேள்வியை முன்னால் போட்டது, அவ்வளவுதான்: இந்த உடம்பை வைத்துக்கொண்டு அந்த மில்லி விநாடியை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி எப்படிக் கொண்டுவருவது? விடையைத் தேட அவர்களுக்கு மேசையும் இருந்தது, ஆயிரமாயிரம் மணி நேரமும் இருந்தது. இரண்டு பேருக்கு அப்பாவே ஆசான். ரேயஸுக்கு மேசையே படுக்கை. நாம் 'சிரமமே இல்லாத அடி' என்பதில் சிரமம் எங்கும் போய்விடவில்லை. நம் கண்ணில் படாத ஆண்டுகளில் அது செலவாகியிருக்கிறது.

அப்படியானால் பாடப் புத்தகம் வீணா? இல்லை. ஊசல் முறை மூட்டுகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. அசையும் பாகம் குறைந்தால் பிழை வரும் இடமும் குறையும். எந்தப் பொறியாளரும் இதை ஒத்துக்கொள்வார். வாரத்துக்கு நாலு மணி நேரம் ஆடுகிறவனுக்கு அது மிக நல்ல வழி. ஆனால் அது ஒரு வழி. அதை இலக்கு என்று நினைத்து, வந்து சேர்ந்தவனைப் பார்த்து "நீ இந்த வழியா வரலையே" என்று கேட்பது வேடிக்கை.

6

அந்த வேடிக்கை நடந்தும் இருக்கிறது. 1996 உலக ஸ்னூக்கர் போட்டியில் ரோனி ஓ'சல்லிவன், கனடாவின் ஆலன் ரோபிடூவுக்கு எதிராகச் சில பந்துகளை இடது கையால் அடித்தார். ரோனியின் இயல்பான கை வலது. என்னை அவமானப்படுத்துகிறான் என்று ரோபிடூ புகார் கொடுத்தார். ஒழுங்கு விசாரணை வைத்தார்கள். விசாரணையில் ரோனி இடது கையால் ஆடிக் காட்ட வேண்டியிருந்தது. உலகப் போட்டி இறுதிவரை போன பழைய வீரர் ரெக்ஸ் வில்லியம்ஸோடு மூன்று ஃபிரேம்கள் ஆடினார், மூன்றையும் ஜெயித்தார். புகார் தள்ளுபடியானது.

இதைப் படித்தபோது எனக்கு விசாரணைக் குழுவைவிட என் இரண்டாம் வகுப்பு ஞாபகம்தான் வந்தது. நான் இடது கைப் பழக்கம் உள்ளவன். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் பீச்சாங்கை. டீச்சர் பென்சிலைப் பிடுங்கி வலது கையில் திணிப்பார். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்வார். எழுத்து சரியாக இருந்ததா என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. கையைத்தான் பார்த்தார். இன்றும் வலது கையால்தான் எழுதுகிறேன், கோழி கிளறின எழுத்து. பூல் மேசையில் மட்டும் யாரும் கேட்காததால் இடது கை தானாக முன்னால் வந்துவிட்டது.

எழுத்தும் பந்து மாதிரிதான். எந்தக் கை என்று அதற்குத் தெரியாது.

7

மேஸ் பற்றி ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. கியூ வந்த பிறகும் அது உடனே சாகவில்லை. ஆண்கள் கியூவுக்கு மாறிய பிறகும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குள் நெடுந்தூரம்வரை பெண்கள் கையில் மேஸையே கொடுத்தார்கள். சொன்ன காரணம்: கூர்மையான கம்பால் துணியைக் கிழித்துவிடுவார்கள். சொல்லாத காரணம்: மேஸை நின்றபடியே தள்ளலாம், கியூவுக்குக் குனிய வேண்டும். மேசையில் பெண் எப்படி ஆடுகிறாள் என்பதைவிட எப்படித் தெரிகிறாள் என்பதே கேள்வியாக இருந்தது. நளினம் என்ற சொல்லைப் பெண்களுக்கு மட்டும் வேறு அர்த்தத்தில் பயன்படுத்தினார்கள். தள்ளத்தான் அனுமதி, அடிக்க இல்லை.

1913இல் ஜப்பானில் பிறந்த கட்சுரா மசாகோ இந்தக் கதைக்குப் பதில் மாதிரி வருகிறார். உடம்பு பலவீனமான பெண். அக்காவின் கணவர் பில்லியர்ட்ஸ் கூடம் வைத்திருந்தார். உடற்பயிற்சியாக இருக்கட்டும் என்று வீட்டில் ஆட விட்டார்கள். ஸ்ட்ரெயிட் ரெயில் என்ற வகையில், ஒரு காட்சி ஆட்டத்தில், தவறாமல் பத்தாயிரம் புள்ளிகள் எடுத்தவர். இரண்டு கைகளாலும் ஆடக்கூடியவர். 1951இல் கணவரோடு அமெரிக்கா வந்தார். அடுத்த ஆண்டு சான்ஃபிரான்சிஸ்கோவில் உலகத் த்ரீ குஷன் போட்டியில் ஆடினார். எந்த பில்லியர்ட்ஸ் உலகப் பட்டத்துக்கும் போட்டியிட்ட முதல் பெண் அவர். ஏழாவதாக வந்தார். ஜெயித்தவர் வில்லி ஹோப்பி, அதே பக்கவாட்டுக் கையோடு, தன் கடைசி உலகப் போட்டியில்.

அந்தக் கூடத்தை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. ஒரு பக்கம் பெட்டி மேல் நின்று கற்றுக்கொண்ட அறுபத்து நாலு வயதுக் கிழவர். இன்னொரு பக்கம் ஐந்தடி உயரமும் நாற்பது கிலோ சொச்சமும் உள்ள பெண். இருவருக்குமே மேசை கொஞ்சம் பெரிது. பத்திரிகைக்காரர்கள் அவருடைய உடையையும் எடையையும் பற்றி எழுதினார்கள். பந்துகள் அதைப் பற்றி ஒன்றும் அறியாமல் மூன்று குஷன்களில் பட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தன.

சில வருடங்களில் கட்சுரா போட்டிகளிலிருந்து ஒதுங்கிவிட்டார். 1976இல் ஒருநாள் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்துக்குள் நுழைந்தார். அங்கேயிருந்த ஒரு கியூவை வாங்கி, விடாமல் நூறு புள்ளிகள் எடுத்தார். கியூவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சிரித்துவிட்டு, வெளியே போனார்.